நாலு மணி நேரக் கணக்கு: தாய்ப்பாலுக்கும் கடிகாரத்துக்கும் நடந்த சண்டை

"பால் பத்தலை."

எந்த ஊர்ப் பிரசவ வார்டுக்குப் போனாலும் இந்த ரெண்டு வார்த்தையைக் கேட்காமல் திரும்ப முடியாது. மொழி மாறலாம், வார்த்தை இதுதான். சொல்லி முடிப்பதற்குள் யாராவது ஒருவர் கடைக்குக் கிளம்பிவிடுவார், பால் பவுடர் டப்பா வாங்க.

ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். மனிதனும் பாலூட்டி இனம்தான். அந்தப் பெயரே பாலை வைத்து வந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த லின்னேயஸ் 1758ல் விலங்குகளை வகை பிரித்தபோது, முடி, ரத்தம், நாலு கால் என்று எத்தனையோ அடையாளங்கள் இருக்க, மார்பைத்தான் தேர்ந்தெடுத்தார். (பணக்காரப் பெண்கள் பிள்ளையைச் செவிலித்தாயிடம் கொடுத்துவிடுவதை எதிர்த்து ஏற்கெனவே எழுதியவர் அவர்.) பால் பவுடர் என்பது வெறும் 150 வருடச் சரக்கு. அதற்கு முன்னால் லட்சக்கணக்கான வருடங்கள் பிள்ளைகள் தாய்ப்பாலில்தான் வளர்ந்தன. தாயால் முடியாவிட்டால் சித்தியோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ, கூலிக்கு வந்த செவிலித்தாயோ கொடுத்தார்கள். அப்படி இருக்க, இருபதாம் நூற்றாண்டில் மட்டும் திடீரென்று ஊர் ஊராகப் பால் வற்றிப்போனது எப்படி?

பதில் பாதி மருத்துவமனையில் இருக்கிறது, பாதி கம்பெனியில் இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் முன்னால் ஒரு கடிகாரம் இருந்தது.

டாக்டர்கள் உள்ளே வந்த கதை

1748ல் வில்லியம் காடோகன் என்ற மருத்துவர் குழந்தை வளர்ப்பு பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அநாதைக் குழந்தைகளுக்கான ஃபவுண்ட்லிங் மருத்துவமனையை நடத்தியவர்களுக்கு எழுதிய கடிதம் அது. நல்ல விஷயம் நிறைய சொன்னார். பிள்ளையைத் துணியில் இறுக்கிச் சுற்றாதே என்றார், பெற்ற தாயே பால் கொடுக்கட்டும் என்றார், பிறந்தவுடன் வெண்ணெயும் சர்க்கரையும் ஊட்டாதே என்றார். கூடவே ஒரு கணக்கும் சொன்னார்: ஒரு நாளைக்கு நாலு தடவை கொடுத்தால் போதும், ராத்திரியில் வேண்டவே வேண்டாம். இந்த நாலு எங்கிருந்து வந்தது? எதையும் அளந்து பார்த்து வந்த எண் அல்ல. அதிகம் குடிப்பதுதான் பிள்ளைக்குக் கெடுதல் என்பது அந்தக் கால மருத்துவத்தின் நம்பிக்கை, அவ்வளவுதான். பிள்ளை வளர்ப்பு பெண்கள் கையிலிருந்து விவரம் தெரிந்த ஆண்கள் கைக்கு வருவது நல்லது என்றும் அவர் எழுதியிருக்கிறார். விவரம் தெரிந்தவர் சொன்ன முதல் எண்ணே தப்பாகிப் போனதுதான் வேடிக்கை.

காடோகனுக்குப் பிறகு 150 வருடம் கழித்து அந்தக் கணக்குக்கு உண்மையான பலம் கொடுத்தவர் நியூசிலாந்தின் ட்ரூபி கிங். இவர் குழந்தை மருத்துவரே அல்ல! டனீடின் நகருக்குப் பக்கத்தில் சீக்ளிஃப் என்ற இடத்தில் மனநல மருத்துவமனையின் தலைவராக இருந்தவர். அங்கே ஒரு பெரிய பண்ணையும் இருந்தது. கன்றுக்குட்டிகள் கழிச்சல் கண்டு செத்துக்கொண்டிருந்தன. அளந்து, நேரம் பார்த்துப் பால் கொடுக்க ஆரம்பித்ததும் நிலைமை சீரானது. கன்றுக்குச் சரியானது மனிதப் பிள்ளைக்கும் சரிதானே என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

1907ல் ட்ரூபி கிங் ஆரம்பித்த சங்கம் அன்றைய கவர்னரின் மனைவி லேடி பிளங்கெட் பெயரால் பிளங்கெட் சங்கம் என்று பிரபலமானது. அதன் நர்ஸுகள் வீடு வீடாகப் போய்ச் சொன்ன விதி இதுதான்: நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை பால், இரவில் பால் கிடையாது, நடுவில் அழுதால் அழட்டும். எடுத்துக் கொஞ்சினால் பிள்ளை கெட்டுவிடும். ஒழுங்காக வளர்ந்த பிள்ளை ஒழுங்கான குடிமகன் ஆவான் என்பது உள்ளே ஓடிய எண்ணம். அவருடைய புத்தகங்கள் பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் முழுக்கப் பரவின. 1938ல் கிங் இறந்தபோது நியூசிலாந்து அரசு மரியாதையோடு அடக்கம் செய்தது. அந்த நாட்டில் சிசு மரணம் அப்போது வேகமாகக் குறைந்திருந்தது, சங்கத்துக்குப் பெரிய பேர். (அந்த இறக்கம் சங்கத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பது வேறு விஷயம்.)

ட்ரூபி கிங்கை வில்லனாக்கிவிட வேண்டாம். அவர் தாய்ப்பால் கட்சிக்காரர். தாய்ப்பாலைப் போல வேறெதுவும் இல்லை என்று வாழ்நாள் முழுவதும் பிரசாரம் செய்தவர். அவருடைய கடிகாரம்தான் அந்தப் பாலை வற்ற வைத்தது என்பது அவருக்குத் தெரியவில்லை. தெரியக்கூடிய அறிவியலும் அன்று இல்லை.

அதே காலத்தில் அமெரிக்காவில் வேறு ஒரு கூத்து. ஹார்வர்டில் தாமஸ் மார்கன் ராட்ச் என்ற பேராசிரியர் பசும்பாலை மனிதப் பாலாக மாற்றக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கொழுப்பு இத்தனை சதவீதம், சர்க்கரை இத்தனை, புரதம் இத்தனை, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி மருந்துச் சீட்டு. வீட்டில் கலக்கவே முடியாத அளவுக்குக் கஷ்டமான சூத்திரம். ஸ்விட்சர்லாந்தின் வெவே நகரில் 1867லேயே ஹென்ரி நெஸ்லே பாலும் மாவும் கலந்த சத்துமாவை விற்க ஆரம்பித்திருந்தார். டாக்டர் சீட்டு சிக்கலாக ஆக, தண்ணீரில் கலக்கினால் போதும் என்ற டப்பா சுலபமாகத் தெரிந்தது.

பிறகு பிரசவமே மருத்துவமனைக்குப் போய்விட்டது. 1900ல் அமெரிக்கப் பெண்களில் மிகச் சிலரே மருத்துவமனையில் பெற்றார்கள், 1940ல் பாதிக்கும் மேல். பிறந்த பிள்ளை கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தாய் இந்தப் பக்கம். நாலு மணிக்கொருமுறை நர்ஸ் தள்ளுவண்டியில் பிள்ளைகளைக் கொண்டுவருவார், இருபது நிமிடத்தில் திரும்ப எடுத்துப்போவார். நடுவில் அழுகிற பிள்ளைக்குப் புட்டி. 1946ல் மருத்துவமனையை விட்டுப் போகும்போது தாய்ப்பால் மட்டுமே குடித்த அமெரிக்கப் பிள்ளைகள் 38 சதவீதம். பத்தே வருடத்தில் அது 21 சதவீதம் ஆனது.

பால் எப்படிச் சுரக்கிறது?

இந்த இடத்தில் கொஞ்சம் உடலியல் தெரிந்தால்தான் மேலே உள்ள விபரீதம் புரியும்.

மார்பு ஒரு தொட்டி அல்ல. நிரப்பி வைத்துவிட்டு, காலியான பிறகு மறுபடி நிரப்புவது என்பதல்ல கதை. பிள்ளை சப்பும்போது காம்பிலுள்ள நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. பிட்யூட்டரி சுரப்பியின் முன்பகுதி புரோலாக்டின் என்ற ஹார்மோனை விடுகிறது, இதுதான் பால் உண்டாக்கச் சொல்லும் ஹார்மோன். பின்பகுதி ஆக்ஸிடோசினை விடுகிறது. மார்புக்குள் கொத்துக் கொத்தாக இருக்கும் நுண்பைகளைச் சுற்றியுள்ள தசைச் செல்களை இது பிழிகிறது. அப்போதுதான் பால் குழாய்களுக்கு வருகிறது. நம் வீட்டுப் பாட்டிமார்கள் "பால் இறங்குது" என்பார்களே, அதேதான்.

மூன்றாவதாக ஒரு விஷயம் இருக்கிறது. இது தெரிய வந்தது ரொம்பப் பிறகு, அதுவும் ஆடுகளின் தயவில். ஸ்காட்லாந்தின் ஹன்னா ஆய்வு நிலையத்தில் ஆட்டின் ஒரு பக்க மடியை நாளைக்கு மூன்று முறையும், மறுபக்கத்தை இரண்டு முறையும் கறந்து பார்த்தார்கள். அடிக்கடி கறந்த பக்கத்தில் மட்டும் பால் கூடியது. ஒரே ஆடு, ஒரே ரத்தம், ஒரே ஹார்மோன்! அப்படியென்றால் சுரப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்தந்த மடிக்குள்ளேயே நடக்கிறது. நிறைந்து கட்டிக்கொண்டால் "போதும், நிறுத்து", காலியானால் "இன்னும் கொண்டா". மனித மார்பிலும் இதே ஏற்பாடுதான்.

இப்போது நாலு மணி நேர விதியை இதன் மேல் வைத்துப் பாருங்கள். பிள்ளைக்கு இரண்டு மணி நேரத்தில் பசிக்கிறது. கொடுக்கக் கூடாது. மார்பு நிறைந்து கட்டிக்கொள்கிறது, சுரப்பு மெதுவாகிறது. நாலு மணிக்கு அழுது ஓய்ந்த பிள்ளை அரைகுறையாகக் குடித்துத் தூங்கிவிடுகிறது. "பால் பத்தலை போலிருக்கு" என்று ஒரு புட்டி. வயிறு நிறைந்த பிள்ளை அடுத்த வேளை மார்பைச் சரியாகச் சப்பாது. சப்பாததால் புரோலாக்டின் குறைவு, காலியாகாததால் சுரப்பு இன்னும் குறைவு. அடுத்த வாரம் இன்னொரு புட்டி. சில வாரத்தில் பால் நிஜமாகவே பத்தாது! அந்தத் தாய் சொன்னது பொய்யல்ல. ஆனால் காரணம் அவள் உடம்பில் இல்லை, சுவரில் மாட்டியிருந்தது.

பசுவின் முதுகில் பூனை

ஆக்ஸிடோசின் சமாசாரம் வெளிவந்த கதை கொஞ்சம் சிரிப்பானது. பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றினால் ஆட்டுக்குப் பால் இறங்குகிறது என்று 1910ல் ஆட், ஸ்காட் என்ற இருவர் கண்டார்கள். 1941ல் ஈலி, பீட்டர்சன் என்ற இரண்டு அமெரிக்கப் பால்வள விஞ்ஞானிகள் ஒரு பசுவைப் பிடித்துக்கொண்டார்கள். கறக்கிற நேரத்தில் அதன் முதுகில் ஒரு பூனையை உட்கார வைத்தார்கள். போதாதென்று பக்கத்தில் நின்று காகிதப் பைகளை ஊதிப் 'படார் படார்' என்று வெடித்தார்கள். மடி நிறையப் பால் இருந்தும் பசு விடவில்லை. அட்ரீனலின் ஊசி போட்டாலும் அதே கதை. பயந்த உடம்பில் பால் இறங்காது. (நம் ஊர்ப் பால்காரரைக் கேட்டிருந்தால் பூனை இல்லாமலே சொல்லியிருப்பார்.)

மனிதர்களில் இதை நிரூபித்தது 1948ல், பென்சில்வேனியாவில், மைக்கேல் நியூட்டன், நைல்ஸ் நியூட்டன் என்ற கணவனும் மனைவியும். சோதனைக்கு ஆளானது நைல்ஸ் நியூட்டனேதான், கூட அவருடைய ஏழு மாதப் பிள்ளை. பால் கொடுக்கிற நேரத்தில் அவர் காலை ஐஸ் தண்ணீரில் வைத்தார்கள், கணக்குக் கேள்வி கேட்டு நடுவில் மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். பிள்ளையை முன்னும் பின்னும் எடை போட்டு எவ்வளவு குடித்தது என்று அளந்தார்கள். தொந்தரவு இல்லாத நாட்களில் சராசரி 168 கிராம். தொந்தரவு செய்த நாட்களில் 99 கிராம்தான். அதே தொந்தரவு, கூடவே ஆக்ஸிடோசின் ஊசி: 153 கிராம். அதாவது பால் உள்ளேயே இருந்தது, இறங்கத்தான் இல்லை!

ஒரே ஒரு தாயை வைத்துச் செய்த சோதனை என்று சொல்லலாம். உண்மைதான். ஆனாலும் அதன் அர்த்தம் பெரியது. வெளிச்சம் கொட்டுகிற வார்டில், அறிமுகமில்லாதவர்கள் நடமாட்டத்தில், "இருபது நிமிஷம்தான், சீக்கிரம்" என்று தலைமாட்டில் நர்ஸ் நிற்க, தையல் வலியோடு உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்குப் பால் ஏன் வரவில்லை என்பதற்கு முதல் முறையாக ஒரு எண் கிடைத்தது. "உனக்குப் பால் இல்லை" என்று அவளிடம் சொல்வதே பாலை நிறுத்தப் போதுமானது என்பதும் இதிலிருந்து புரிகிறது.

பிரிட்டனில் மேவிஸ் கந்தர் என்ற மருத்துவர் பார்த்தது வேறு பக்கம். காம்பு புண்ணாகி வலி தாங்காமல் நிறுத்துகிற பெண்கள் ஏராளம். அந்தக் காலத்து வைத்தியம் என்ன தெரியுமா? பிரசவத்துக்கு முன்பே காம்பை ஸ்பிரிட் போட்டுத் தேய்த்து 'கெட்டிப்படுத்துவது'! பிள்ளை மார்பைப் பிடிக்கிற விதத்தைக் கவனியுங்கள் என்று 1945ல் லான்செட் இதழில் கந்தர் எழுதினார். பிள்ளை காம்பை மட்டும் நுனியில் கவ்வினால் வலி, புண், பாலும் சரியாக வராது. வாயை அகலத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருத்த பகுதியையும் சேர்த்துக் கவ்வினால் வலி இல்லை. ஆக்ஸ்ஃபோர்டின் மகப்பேற்று நர்ஸ் க்ளோயி ஃபிஷர் இதைக் கைவேலையாகவே வளர்த்து ஆயிரக்கணக்கான தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார். இன்றைக்குத் தாய்ப்பால் ஆலோசகர் முதலில் பார்ப்பது இந்தப் பிடிப்பைத்தான்.

சர்ச் பிக்னிக்கில் ஆரம்பித்தது

1956 கோடைக்காலம். சிகாகோவுக்குப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பச் சங்கத்தின் பிக்னிக். மரத்தடியில் உட்கார்ந்து மேரி ஒயிட், மேரியன் டாம்ப்சன் என்ற இரண்டு பெண்கள் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வந்து வந்து விசாரித்த பெண்கள் எல்லோரும் சொன்னது ஒன்றேதான்: "எனக்கும் ஆசைதான், பால் பத்தலைன்னு டாக்டர் சொல்லிட்டார்."

அந்த அக்டோபரில் ஏழு பெண்கள் ஃபிராங்க்ளின் பார்க்கில் மேரி ஒயிட் வீட்டில் கூடினார்கள். சங்கத்துக்குப் பெயர் வைப்பதில்தான் சிக்கல். மார்பு என்ற சொல்லைப் பத்திரிகைகளில் அச்சில் போட முடியாத காலம். ஃபுளோரிடாவிலுள்ள பால் கொடுக்கும் மாதாவின் ஸ்பானியப் பெயரிலிருந்து 'லா லெச்சே' என்று எடுத்துக்கொண்டார்கள். லெச்சே என்றால் பால். வேற்று மொழி என்பதால் யாருக்கும் கூச்சம் இல்லை!

அவர்கள் பெரிய விஞ்ஞானம் எதையும் சொல்லவில்லை. பிள்ளை கேட்கும்போது கொடு, கடிகாரத்தைப் பார்க்காதே, பயப்படாதே, சந்தேகம் வந்தால் ராத்திரி ஆனாலும் போன் பண்ணு. அவ்வளவுதான். நம் ஊரில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனால் அம்மா, பெரியம்மா, அத்தை என்று நாலு பேர் கூட இருந்து பழக்கிவிடுவார்கள். அமெரிக்கத் தனிக்குடித்தனத்தில் அந்த நாலு பேரும் தொலைந்து போயிருந்தார்கள். அம்மாவே புட்டி காலத்து அம்மா என்றால் யாரிடம் கேட்பது? தொலைந்த அத்தைகளை ஒரு சங்கமாகத் திரட்டினார்கள் என்று சொல்லலாம். 1964ல் மெல்போர்னில் மேரி பேட்டன் இதே போல ஒரு தாய்மார் சங்கம் தொடங்கினார். இந்த அனுபவத்திலிருந்துதான் 1985ல் தாய்ப்பால் ஆலோசகர்களுக்கான சர்வதேசத் தேர்வு வந்தது. பாட்டி வேலைக்குச் சான்றிதழ்!

சிங்கப்பூரில் ஒரு பேச்சு

இதுவரை சொன்னதெல்லாம் வசதியான நாடுகளின் கதை. அங்கே புட்டிக்கு மாறினாலும் பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்தன. சுத்தமான தண்ணீரும் விறகும் காசும் இல்லாத இடத்தில் என்ன நடந்தது?

சிசிலி வில்லியம்ஸ் ஜமைக்காவில் 1893ல் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டிலும் லண்டனிலும் படித்த மருத்துவர். 1929ல் இன்றைய கானாவுக்கு வேலைக்குப் போனார். அங்கே இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகள் கால் வீங்கி, தோல் உரிந்து, தலைமுடி செம்பட்டையாகிச் செத்துக்கொண்டிருந்தன. அங்குள்ள பெண்களையே கேட்டார். குவாஷியோர்கர் என்றார்கள். அடுத்த பிள்ளை பிறந்ததும் தாய் மடியிலிருந்து இறக்கப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்று அர்த்தம். தமிழ் தெரிந்தவர்களுக்கு இதைப் படித்ததும் ஒரு சொல் ஞாபகம் வரும். நாமும் இதைத்தானே 'சவலைப் பிள்ளை' என்கிறோம்! மக்காச்சோளக் கஞ்சி மட்டுமே குடிப்பதால் வரும் சத்துக் குறைவு இது என்று வில்லியம்ஸ் 1933லும் 1935லும் எழுதினார்.

1936ல் மலேயாவுக்கு மாற்றல். சிங்கப்பூரில் அவர் கண்டது வேறு மாதிரி சாவு. நர்ஸ் போல உடையணிந்த விற்பனைப் பெண்கள் ஏழைக் குடியிருப்புகளுக்குள் போய், தாய்ப்பாலை விட இது உசத்தி என்று இனிப்பூட்டிய டப்பாப் பாலை விற்றார்கள். பிள்ளைக்குத் தேவையான வைட்டமின் அதில் இல்லை. நாலு நாள் கொடுத்தால் தாயின் பால் வற்றும். வற்றிய பிறகு டப்பா வாங்கக் காசில்லை, தண்ணீர் கலந்து கலந்து கொடுத்தார்கள்.

1939ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேச வில்லியம்ஸை அழைத்தார்கள். அழைத்த தலைவர் அங்கே பால் கம்பெனியின் முக்கியப் புள்ளியும் கூட! வில்லியம்ஸ் வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்'. குழந்தை உணவு பற்றிய தவறான பிரசாரத்தால் ஏற்படும் சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும், அந்தப் பிரசாரத்தைக் குற்றமாகத் தண்டிக்க வேண்டும் என்று நேருக்கு நேர் சொன்னார். அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பேச்சை 1986ல் பினாங்கிலிருந்து நுகர்வோர் சங்கங்கள் திரும்ப அச்சிட்டன.

பின்னாலேயே போர் வந்தது. ஜப்பானியரிடம் சிக்கி சாங்கி சிறையில் மூன்றரை வருடம் கிடந்தார், நடுவில் ரகசியப் போலீஸின் விசாரணைக் கூண்டிலும். அரை வயிற்றுக் கஞ்சியோடு கிடந்த அந்த முகாமில் இருபது பிள்ளைகள் பிறந்தன. இருபதும் தாய்ப்பால் குடித்தன, இருபதும் பிழைத்தன என்று பிற்காலத்தில் சொல்வார். பட்டினியில் இருந்த தாய்க்கும் பால் இருந்தது. 1948ல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவர் ஆனார். 1992ல் 98 வயதில் இறந்தார்.

அவர் பேசி 35 வருடம் கழித்துத்தான் உலகம் விழித்தது. 1974ல் பிரிட்டனில் மைக் முல்லர் எழுதிய 'பேபி கில்லர்' என்ற சிறு நூல், அதை ஜெர்மனில் வெளியிட்டவர்கள் மேல் நெஸ்லே போட்ட அவதூறு வழக்கு, 1976ல் அவர்களுக்குச் சொற்ப அபராதம் போட்ட பெர்ன் நீதிபதி கம்பெனியும் விளம்பர முறையை யோசிக்க வேண்டும் என்று சொன்னது, 1977ல் அமெரிக்காவில் தொடங்கிய புறக்கணிப்பு... இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை. 1981 மே மாதம் உலக சுகாதார சபையில் தாய்ப்பால் மாற்றுப் பொருட்களின் விற்பனை பற்றிய சர்வதேச விதி ஓட்டுக்கு வந்தது. ஆதரவு 118, எதிர்ப்பு 1. அந்த ஒன்று அமெரிக்கா. இந்தியா 1992ல் தனிச் சட்டமே போட்டது, 2003ல் அதை இன்னும் இறுக்கியது. நம் கடைகளில் பால் பவுடர் டப்பா மேல் கொழுகொழு பிள்ளைப் படம் இல்லாததற்கு அந்தச் சட்டம்தான் காரணம்.

பாகியோ மருத்துவமனை

அதிகம் பேசப்படாத, ஆனால் இன்னும் அதிகம் பேச வேண்டிய ஆள் ஒருவர் உண்டு. பிலிப்பைன்ஸில் பாகியோ பொது மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுத் தலைவி, டாக்டர் நத்திவிதாத் கிளவானோ. மற்ற இடங்களைப் போலவே அங்கேயும் தாயையும் சேயையும் பிரித்து வைத்துப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1975ல் கிளவானோ எல்லாவற்றையும் தலைகீழாக்கினார். கம்பெனிக்காரர்களுக்குக் கதவு மூடப்பட்டது. அவர்கள் கொடுத்த வண்ண வண்ணப் போஸ்டரும் காலண்டரும் சுவரிலிருந்து இறங்கின. இலவச சாம்பிள் கிடையாது. பிள்ளை பிறந்ததும் தாய் பக்கத்தில், இரவும் பகலும். சீம்பால் முதல் அவளுடைய பால்தான்.

பிறகு அவர் செய்ததுதான் முக்கியம்: கணக்கு எடுத்தார். 1973 முதல் 1977 வரை அங்கே பிறந்த ஏறத்தாழ 10,000 பிள்ளைகளின் பதிவுகளை, மாற்றத்துக்கு முன், பின் என்று பிரித்துப் பார்த்தார். வயிற்றுப்போக்கும் ரத்தத் தொற்றும் மளமளவென்று குறைந்திருந்தன, சாவும்தான். புது மருந்து இல்லை, புது இயந்திரம் இல்லை. 1978ல் அமெரிக்க செனட்டில் எட்வர்ட் கென்னடி நடத்திய விசாரணையில் கிளவானோ இதைச் சாட்சியமாகச் சொன்னார். 1986ல் பிலிப்பைன்ஸ் தன் பால் விதியைக் கொண்டுவந்தது, 1992ல் தாயையும் பிள்ளையையும் ஒன்றாக வைப்பதைச் சட்டமாக்கியது.

சீம்பால் பற்றி இங்கே ஒரு வார்த்தை. காடோகன் காலத்து லண்டனிலிருந்து நம் ஊர் வரை, மஞ்சளாகக் கெட்டியாக வரும் முதல் பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைப்பது பல சமூகங்களில் வழக்கம். 1961ல் ஸ்வீடனின் லார்ஸ் ஹான்சன் தாய்ப்பாலில் ஒரு தனி வகை நோய் எதிர்ப்புப் புரதத்தைக் கண்டார். பிள்ளையின் குடலில் பூச்சு போலப் படிந்து கிருமியைத் தடுக்கிற புரதம் அது. அது மிகச் செறிவாக இருப்பது சீம்பாலில்தான். கீழே கொட்டியது பிள்ளையின் முதல் தடுப்பூசியை. எல்லாத் தப்பையும் டாக்டர்கள் தலையிலும் கம்பெனி தலையிலும் போட்டுவிட முடியாது, பாட்டிமாருக்கும் ஒரு பங்கு உண்டு :-)

மறுபக்கமும் உண்டு

தாய்ப்பால் இயக்கத்துக்காரர்கள் சிலர் உற்சாகத்தில் "எல்லாத் தாய்க்கும் பால் இருக்கும், மனசு வைத்தால் போதும்" என்று சொல்லிவிடுவார்கள். இதுவும் கொடுமைதான். பிரசவத்தில் அளவுக்கு மீறி ரத்தம் போனால் பிட்யூட்டரி சுரப்பியே பட்டுப்போய்ப் பால் சுரக்காமல் போகலாம். ஷீஹன் என்ற நோயியல் நிபுணர் 1937ல் விவரித்த நிலை இது. 1985ல் மரியான் நீஃபர்ட் குழு, மார்பில் பால் சுரப்பித் திசுவே போதுமான அளவு வளராத தாய்மார்களைப் பற்றி எழுதியது. இப்படிப்பட்டவர்கள் குறைவு. ஆனால் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் "முயற்சி பண்ணு, வரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் பிள்ளை வாடிவிடும், சில சமயம் உயிருக்கே ஆபத்தாகும். அங்கே பால் பவுடரோ, தானமாகக் கிடைக்கும் தாய்ப்பாலோ கொடுக்கத்தான் வேண்டும். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989ல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் முயற்சியில் வந்தது.

அதனால்தான் நல்ல ஆலோசகர் கொள்கை பேசுவதில்லை, பிள்ளையைப் பார்க்கிறார். பிடிப்பு சரியா, விழுங்குகிற சத்தம் கேட்கிறதா, பிறந்து ஐந்தாறு நாளான பிள்ளை நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறதா, எடை ஏறுகிறதா. "பால் பத்தலை" என்று ஒரு தாய் சொன்னால் அது தீர்ப்பல்ல, மறுத்துவிட வேண்டிய பிரமையும் அல்ல. விசாரிக்க வேண்டிய புகார்.

கடிகாரத்தின் தோல்வி

காடோகன் சொன்ன நாலு தடவைக்கும் ட்ரூபி கிங்கின் நாலு மணி நேரத்துக்கும் பதில் எங்கே வந்தது தெரியுமா? மேற்கு ஆஸ்திரேலியாவில். பீட்டர் ஹார்ட்மன் என்ற விஞ்ஞானி, மாட்டுப் பால் ஆராய்ச்சியிலிருந்து மனிதப் பாலுக்கு வந்தவர். பசுவின் மடியைப் பற்றித் தெரிந்ததில் பாதி கூடத் தாயின் மார்பைப் பற்றித் தெரியவில்லையே என்பது அவர் ஆச்சரியம். அந்த ஆச்சரியம் நியாயமானது. மார்பின் உள்ளமைப்பு பற்றிப் பாடப் புத்தகங்களில் இருந்த படங்கள் 1840ல் ஆஸ்ட்லி கூப்பர் என்ற லண்டன் சர்ஜன், இறந்த பெண்களின் உடலில் நிறமூட்டிய மெழுகைச் செலுத்திக் கண்டதை அடிப்படையாகக் கொண்டவை. ஹார்ட்மன் குழு 2005ல் பால் கொடுக்கிற தாய்மார்களை அல்ட்ராசவுண்டில் பார்த்தது. காம்புக்குப் பின்னால் பால் தேங்குகிற சின்னச் சின்னப் பைகள் இருப்பதாக எல்லாப் படத்திலும் இருக்குமே, அப்படி ஒன்றுமே இல்லை! குழாய்களும் படத்தில் இருந்ததைவிடக் குறைவு, சராசரி ஒன்பது.

அடுத்த வருடம், 2006ல், அதே குழுவின் ஜாக்குலின் கென்ட் 71 தாய்மார்களின் 24 மணி நேரக் கணக்கை வெளியிட்டார். எல்லாம் நன்றாக எடை ஏறிய, தாய்ப்பால் மட்டுமே குடித்த, ஒன்று முதல் ஆறு மாதப் பிள்ளைகள். ஒரு நாளில் குடித்தது சராசரி 788 கிராம். ஆனால் ஒரு பிள்ளை 478 கிராமிலேயே நன்றாக வளர்ந்தது, இன்னொன்று 1356 கிராம் குடித்தது. எத்தனை தடவை? குறைந்தது 6, அதிகபட்சம் 18, சராசரி 11. மூன்றில் இரண்டு பிள்ளைகள் ராத்திரியிலும் குடித்தன. மார்பிலுள்ள பாலை ஒட்ட ஒட்டக் குடிப்பதும் இல்லை, சராசரியாக மூன்றில் இரண்டு பங்குதான், பசிக்குத் தக்கபடி.

உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் மருத்துவமனைகளுக்காக 1989ல் பத்து விதிகள் எழுதின. 1991 முதல் அவற்றைப் பின்பற்றும் மருத்துவமனைகளுக்குக் 'குழந்தை நேய மருத்துவமனை' என்ற அங்கீகாரமும் வந்தது. அதில் எட்டாவது விதி, பிள்ளை கேட்கும்போதெல்லாம் கொடுக்க ஊக்குவிக்க வேண்டும் என்றது. 2018ல் அந்தப் பட்டியலைத் திருத்தினார்கள். எட்டாவது விதி இப்போது வேறு மாதிரி இருக்கிறது: பிள்ளை காட்டும் பசிக் குறிப்புகளைத் தாய் அடையாளம் கண்டு நடந்துகொள்ள உதவ வேண்டும். வாயைத் திறந்து தலையைத் திருப்புவது, கையைச் சப்புவது, நெளிவது. அழுகை அந்த வரிசையில் கடைசியில்தான் வரும்.